தாரணியும் தரணியும்

புதிய முதலாம் ஆண்டுப் பிள்ளைகளைச் சந்திக்கும் நாளில் இன்றும் எனக்கு நெஞ்சு படபடக்கும்.

சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படித்து முடித்ததும், கெடாவில் ஒரு தோட்டப் பள்ளியில் முதல் வேலை. "முதல் மாதம் சிரிச்சிராதே, அப்புறம் அடங்க மாட்டாங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். முகத்தை இறுக்கிக்கொண்டு பதிவேட்டைத் திறந்தேன். நம் நாட்டில் பதிவேட்டுப் பெயர்கள் ரோமன் எழுத்தில் இருக்கும். குறில் நெடில் தெரியாது. லகர ளகர வேறுபாடும் தெரியாது. "தரணி" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டுவிட்டு, வரவில்லை என்று குறித்தேன்.

ஓய்வு நேரத்தில் வேலியோரம் நின்றிருந்த ஒரு பாட்டி மெதுவாகச் சொன்னார்: "டீச்சர், எம் பேத்தி பேரு தாரணிங்க. அது உள்ளதான் உக்காந்திருக்கு."

ஏழு வயதுப் பிள்ளை. பள்ளியில் அவளுக்குக் கிடைத்த முதல் செய்தி, நீ இங்கே இல்லை என்பது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வலிக்கிறது.

பிறகு தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல குடும்பங்கள் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டன. நானும் பட்டணத்துப் பள்ளிக்கு மாறிவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து, பெற்றோர் சந்திப்பு நாளிலேயே ஒவ்வொரு பெயரையும் அம்மாவோ பாட்டியோ சொல்லக் கேட்டுத் தமிழில் எழுதிக்கொள்வேன். முதல் நாள் காலை, மேசைதோறும் அந்தப் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். சில பிள்ளைகள் உட்காருவதற்கு முன் அதை விரலால் தடவிப் பார்ப்பார்கள்.

சிரித்துக்கொண்டேதான் கூப்பிடுகிறேன்.