தொடங்கிய கையும் முடித்த கையும்

ஒருவன் தன் வாழ்நாளுக்குள் முடிக்க இயலாத பணிக்குக் கடவுள் அவனை அழைப்பாரோ? இவ்வினா எம் உள்ளத்தை நெடுநாளாக அலைக்கழித்து வந்தது. விடாமுயற்சியைக் குறித்து ஆலயத்திலும் ஓய்வுநாட் பள்ளியிலும் யாம் கேட்ட உபதேசங்கள் பல. அவற்றுட் பெரும்பாலானவை நெகேமியாவையே முன்னிறுத்தும். எருசலேமின் இடிந்த மதிலை அவர் 52 நாளில் கட்டி முடித்தார்; பகைவர் நகைத்தும் பயமுறுத்தியும் அவர் கை தளரவில்லை. கேட்போர்க்கு ஊக்கம் அளிக்கும் வரலாறே இது. ஆயினும், 52 நாளில் முடியும் மதில்கள் உலகில் மிகச் சிலவே. தொடங்கியவன் கண் மூடிய பின்னரும் பாதியாய் நிற்கும் மதில்களே மிகப் பல. அவற்றைத் தொடங்கினோர் விடாமுயற்சியில் குறைந்தவர்களோ?

இவ்வினாவுக்கு விடையை யாம் கண்டது ஓர் அகராதியின் வரலாற்றிலாகும். தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவர்க்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி நாள்தோறும் துணை. ஆறு தொகுதிகளும் ஓர் அநுபந்தமும் கொண்டு, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களைத் தன்னகத்தே அடக்கியது அது. நூல்நிலையத்தில் அதன் தொகுதிகளைத் தூக்கி மேசைமேல் வைப்பதே ஒரு தேகப்பயிற்சி. இக்காலத்திலோ அதனைக் கைப்பேசியிலும் புரட்டலாம். எனினும், அது முதலில் உருக்கொள்ளத் தொடங்கியது நம் மதுரை நகரிலே என்பதை நம்முள் அறிந்தோர் எத்தனை பேர்?

அதன் வேர் இன்னும் ஆழமானது. யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்த நைட் என்னும் பாதிரியார் தமிழ்–ஆங்கில அகராதி ஒன்றுக்குச் சொற்களைத் தொகுக்கத் தொடங்கினார். அது முற்றுப்பெறுமுன் அவர் காலமானார். அவர் விட்ட தொகுப்பு வேறு கைகளுக்கு மாறி, இறுதியில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வின்சுலோ ஐயரிடம் சேர்ந்தது. அவர் தமிழ்ப் புலவர்களின் உதவியோடு பல்லாண்டு உழைத்து, 1862ஆம் ஆண்டில் அதனைச் சென்னையில் வெளியிட்டார். இரண்டே ஆண்டில், தாய்நாடு நோக்கிக் கப்பலேறியவர், வழியில் நன்னம்பிக்கை முனையில் உயிர்நீத்தார். அவ்வகராதியை விரிவாக்க எண்ணிச் சொற்களைத் திரட்டி வைத்த ஜி. யு. போப் ஐயரும் அவ்வெண்ணம் நிறைவேறாமலே 1908இல் மறைந்தார்.

இந்நிலையில், 1913ஆம் ஆண்டு சனவரியில், புதிய பேரகராதிக்கென ஓர் அலுவலகம் மதுரையில் திறக்கப்பட்டது. அதன் பதிப்பாசிரியராக அமர்ந்தவர் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த ஜே. எஸ். சாண்ட்லர் ஐயர். 1849இல் பிறந்த அவருக்கு அப்பொழுது அறுபது வயது கடந்துவிட்டது. பிறர் ஓய்வை நாடும் பருவத்தில் அவர் 'அ' என்னும் எழுத்திலிருந்து தொடங்கினார். அவரோடு இருந்து உழைத்த தலைமைத் தமிழ்ப் பண்டிதர், மதுரைத் தமிழ்ச் சங்கத்துச் 'செந்தமிழ்' இதழை நடத்தியவராகிய மு. இராகவையங்கார். கிறிஸ்தவக் குருவும் வைணவ மரபிற் பிறந்த புலவரும் ஒரே சொல்லின் பொருளை ஆராய்ந்து அமர்ந்திருந்த காட்சியை நினைக்கும்பொழுது எம் உள்ளம் களிகூர்கின்றது.

பணியோ எளிதில் முடிவதாயில்லை. ஒரு லட்சம் ரூபாயில் முடியும் என மதிப்பிட்டது, இறுதியில் நான்கு லட்சத்துக்கு மேல் விழுங்கியது. அலுவலகம் சென்னைக்கு மாறிற்று. சாண்ட்லர் ஐயர் 1922இல் பொறுப்பினின்றும் விலகினார். அதுவரை ஒரு பகுதியேனும் அச்சேறி வெளிவரவில்லை. முதற்பகுதி வெளிவந்தது 1924இல். பின்னர் 1926இல், வழக்கறிஞர் தொழில் புரிந்து வந்த எஸ். வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராகிப் பணியை முன்செலுத்தினார். 1936இல் ஆறாம் தொகுதி நிறைவெய்தியது. அநுபந்தம் 1939இல் முடிந்தது. சாண்ட்லர் ஐயரோ 1934லேயே இறைவனடி சேர்ந்துவிட்டார். ஆங்கிலப் பேரகராதியின் கதையும் இத்தகையதே. ஆக்ஸ்போர்டில் அதற்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்ட மரே என்பார் 1915இல் இறக்க, அகராதி முற்றுப்பெற்றது 1928இல்.

இவர்களைத் தோற்றவர் என்பார் யார்? திருமறையிலும் இதற்குச் சான்று உண்டு. ஆலயம் கட்ட விரும்பிய தாவீது அரசனுக்கு அதனைக் கட்டும் பேறு கிட்டவில்லை. அவன் அதனால் மனமுடைந்து சோர்ந்திருந்தானோ? இல்லை, பொன்னும் வெள்ளியும் இரும்பும் கேதுருமரமும் கல்லும் சேகரித்து, மகன் கைக்கு எட்டும்படி வைத்துச் சென்றான். சாலொமோன் கட்டிய ஆலயத்தின் ஒவ்வொரு கல்லிலும் தாவீதின் உழைப்பு இருந்தது. ஆகவே, அழைப்பைப் பெற்றவனிடம் ஆண்டவர் கேட்பது முழுக் கட்டடத்தையன்று. அவன் பங்கையே ஆகும். அப்பங்கினைப் பின்வருவோன் தொடரத் தக்கவாறு ஒழுங்காக விட்டுச் செல்வதும் விடாமுயற்சியின் ஒரு பகுதியே. நைட் பாதிரியார் தம் சொற்களைத் தம் நினைவிலேயே வைத்திருந்தாராயின், அவரோடு அவையும் புதைந்திருக்கும்.

இதனை யாம் ஏட்டறிவாக மட்டும் கூறவில்லை. எம் பாட்டனார் மேலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் உபதேசியாராக இருந்தவர். சபையாரெல்லாரும் உழவராதலின், அவர்தம் வாய்ச்சொற்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவந்தார். கமலை, சால், வடம், பரம்பு எனக் கருவிகளின் பெயர்கள் முடிந்தன. மடை, கலுங்கு, மறுகால் எனக் கண்மாய்ச் சொற்களும் முடிந்தன. நெல்வகைகளின் பெயர்களைத் தொடங்கிய பக்கத்தில் அவர் எழுத்து நின்றுவிட்டது. நோயுற்றிருந்தபொழுது எம்மை அருகழைத்து, "மிச்சத்தை நீ எழுதிடுய்யா" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் விளக்கவில்லை.

அதனை அழைப்பென்று கொள்வதா, முதியவர் ஒருவரின் ஆசையென்று விடுவதா என யாம் தயங்கினோம். "தமிழ் படித்தால் சோறு கிடைக்குமா? வேலைக்கான தேர்வுக்குப் படி" என்று எம் மாமன் கூறுவதும் அன்பினாலேயே, வீட்டு நிலைமை அத்தகையது. ஆனால், மோட்டார்ப் பம்புகள் வந்தபின் கமலை இறைப்பதைக் கண்டவர்களே அருகிவிட்டனர். சென்ற கோடை விடுமுறையில் எமக்குச் சொற்கள் கூறிய முதியோருள் இருவர் இந்தக் கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு இல்லை. அவர்களோடு எத்தனை சொற்கள் மண்ணுக்குள் போயினவோ! ஆதலின், வேலைத் தேர்வுக்கும் படிப்பது, ஞாயிறு ஆராதனைக்குப் பின் இரண்டு மணி நேரத்தை நோட்டுப் புத்தகத்துக்கு ஒதுக்குவது என்று முடிவு செய்துள்ளோம். இதுவரை இருபத்தேழு நெல்வகைகளின் பெயர்கள் சேர்ந்துள்ளன. சொன்னவர் ஊரையும் நாளையும் ஒவ்வொரு சொல்லின் பக்கத்திலும் பிறர் படிக்கத்தக்க கையெழுத்தில் குறித்து வருகின்றோம். யாம் முடிப்போமோ, அறியோம். விட்ட இடம் இன்னதென்று அடுத்தவர் அறிவர்.

மாணவ நண்பர்களே, நம்முள் ஒவ்வொருவர்க்கும் ஏதேனும் ஓர் அழைப்பு உண்டு. ஒருவர் ஊரில் இராப்பள்ளி தொடங்கியிருக்கலாம். மற்றொருவர் நோயுற்ற தாயைப் பேணலாம். முடிவு காணும் நாள் நமதோ பிறரதோ என்று கணக்கிட்டு நிற்க வேண்டா. தொடங்கிய கைக்கும் முடித்த கைக்கும் எசமானர் ஒருவரே. இன்றைய பங்கை இன்றே செய்து, அதனைத் தெளிவாக எழுதி வைப்போமாக.