ஸ்கேலும் சரளி வரிசையும்

இங்கே ரொறன்ரோவில் பள்ளிக்கூட பாண்டில் வாசிக்கிற பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், ஸ்கேல் என்றாலே முகத்தைச் சுளிப்பார்கள். என் மகள் கிளாரினெற் வாசிக்கிறாள். "பாட்டை வாசிச்சால் காணாதே அப்பா? உந்த ஏணியிலை ஏறி இறங்கிறது என்னத்துக்கு?" என்பாள். போன வருடம் பாண்டை விடப்போவதாகவும் சொல்லத் தொடங்கியிருந்தாள்.

எங்களுக்கு இது புதிதா? புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படுகிற சரளி வரிசையை மாயாமாளவகௌளையில் மாதக்கணக்காய்ப் பாடிக் களைத்தவர்கள்தானே நாங்கள். (நான் கீதத்தோடு நின்றுவிட்டேன், அது வேறு கதை.)

அவள் தடக்குப்படுகிற இடத்தைக் கிட்ட இருந்து பார்த்தேன். பாண்டில் முதலில் பழக்குவது பெரும்பாலும் பீ பிளாட் மேஜர். கிளாரினெற்காரருக்கு அது தாளில் சீ மேஜராக இருக்கும். அதில் 'த' வாசிக்கும்போது துளைகள் எல்லாம் திறந்திருக்கும். இடது சுட்டுவிரல் மட்டும் ஒரு கீயை அமத்தும். அடுத்த 'நி'க்கு அத்தனை துளையையும் ஒரேயடியாக மூடி, பெருவிரலால் பின்பக்கக் கீயையும் அமத்தவேண்டும். ஒரு விரல் மயிரிழை விலகினாலும் கீச்! பாட்டில் அந்த இடம் கண் இமைக்கமுதல் ஓடிவிடும். ஸ்கேலில்தான் 'த'விலும் 'நி'யிலும் நின்று, ஆறுதலாக இருபது தரம் போய் வரலாம்.

இன்னொன்றும் உண்டு. குஸ்தாவ் ஹோல்ஸ்ற் 1909 இல் பாண்டுக்கென்றே எழுதிய முதலாவது சுவிற், ஈ பிளாட்டில் இருக்கிறது. புல்லாங்குழல்காரர் அதை ஈ பிளாட்டிலேயே வாசிப்பார். கிளாரினெற்றுக்கும் ட்ரம்பெற்றுக்கும் அது எஃப், அல்ரோ சாக்சபோனுக்கு சீ. ஒரே சுரம், ஆளுக்கொரு விரல். இதில் ஒரு பிள்ளை 'அடுத்தது எந்த விரல்' என்று யோசித்துக்கொண்டிருந்தால் பக்கத்துப் பிள்ளையின் சுருதி காதில் விழுமா? நாற்பது பேர் தனித்தனியாக வாசித்த மாதிரித்தான் இருக்கும். விரல் தன்பாட்டில் போனால்தான் காது மற்றவர்களிடம் போகும். பள்ளிக்கூடக் கச்சேரிகளில் நான் கேட்ட இரைச்சலில் பாதிக்கு இதுதான் காரணம் என்பேன்.

இதை அவளுக்கு விளக்கமாகச் சொல்லவில்லை, சொன்னால் கேட்கிற வயதுமில்லை. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், மெற்றொனோம் அறுபதில், அதற்குமேல் கேட்கமாட்டேன் என்று பேசித் தீர்த்தோம். பாண்டை விடுகிற கதை இப்போது வீட்டில் எடுபடுவதில்லை. மேல்மாடி மனிசிதான் பாவம், இரவு ஏழு மணிக்கு 'த'வும் 'நி'யும் கேட்டுக்கொண்டிருக்கிறா.