வால்வும் ஜீவாளியும்

செங்கல்பட்டில் வசிக்கும் நண்பரின் மாடியறையில் சென்ற மாதம் இரண்டு ஆம்ப்ளிஃபையர்களை ஒப்பிட்டுக் கேட்டோம். ஒன்று டிரான்சிஸ்டர், மற்றது, 1906இல் லீ டி ஃபாரஸ்ட் உருவாக்கிய டிரையோடின் வழிவந்த வால்வு. இரண்டுக்கும் ஹெட்ஃபோன் ஒன்றே: 1997இல் வெளிவந்த சென்ஹைசர் எச்.டி. 600. ஒலியளவை மீட்டர் வைத்துச் சமப்படுத்திக்கொண்டோம். சற்றே உரக்க ஒலிப்பதைச் சிறந்தது என்று காது நம்பிவிடும்.

வித்வான்களின் பழைய பதிவுகளில் வால்வே வென்றது. குரல் நெருங்கி வந்தது, கனத்தது. ஒற்றை டிரையோடுச் சுற்றில் மேலோங்கி நிற்கும் பிழை இரண்டாம் ஹார்மோனிக். ஸட்ஜத்தைக் கொடுத்தால் மேல்ஸட்ஜத்தையும் மெலிதாகச் சேர்த்துத் தருகிறது. பொறியாளர் அதைத் திரிபு என்பார். தம்புராவின் குதிரைமேல் தந்திக்கு அடியில் நூல் செருகி மேல்ஸ்வரங்களை எழுப்பும் நம்மவர்கள் ஜீவாளி என்பார்கள். ஆனால் ஜீவாளி தம்புராவுக்கு மட்டும், பாடுபவர் அறிந்து வைப்பது. வால்வு எல்லாக் குரலுக்கும் கேட்காமலே வைத்துவிடுகிறது.

கடைசியாகப் போட்ட ஒலிநாடாவில்தான் அந்த வேறுபாடு உறைத்தது. மறைந்துபோன தன் அம்மா மாமல்லபுரத்து வீட்டில் பாடியதை நண்பர் பதிந்து வைத்திருந்தார். வால்வில் கேட்டதும் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டார். "அம்மாவுக்கு இவ்வளவு கனமான சாரீரம் கிடையாது" என்றார். டிரான்சிஸ்டரில் குரல் மெலிந்தது. இடையிடையே மூச்சு வாங்குவதும் பின்னால் அலையோசையும் தனித்தனியே கேட்டன. அதையே இன்னும் இரண்டு முறை கேட்டார்.

நேரில் கேட்டிராத வித்வான்களுக்கு எனக்கு வால்வு போதும். ஒப்பிட்டுப் பார்க்க அவர்களைப் பற்றிய நினைவு எதுவும் என்னிடம் இல்லை.