கேட்ட பின் பேசு
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., பௌதிகம்)

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமத்தைத் தாண்டி எங்கள் வீட்டார் பெயர் போனதில்லை. சென்ற ஆண்டு ஒரு மாலை அது கடல் கடந்து போயிற்று.

காஞ்சிபுரத்தில், உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர் ஒருவர் வீட்டில் இருந்தேன். 14 மெகாஹெர்ட்ஸ் பட்டையில், ‘பி.எஸ்.கே.31’ என்னும் முறையில், கணினியில் தட்டிய எழுத்துகள் அலையாகச் சென்றுகொண்டிருந்தன. எதிர்முனையில் ஓர் இத்தாலியர். “பக்கத்தில் ஒரு மாணவர் இருக்கிறார்” என்று சார் என் பெயரையும் ஊரையும் தட்டினார். பதில் எழுத்தெழுத்தாக வந்தது. என் பெயரில் மூன்று எழுத்து தெரிந்திருக்கும். திடீரென்று ‘கர்ர்’ என்று இரைச்சல். திரை முழுதும் குப்பை எழுத்துகள். ஓய்ந்தபோது இத்தாலியரைக் காணோம்.

“தானியங்கி அஞ்சல் நிலையமாக இருக்கும்” என்று சார் விளக்கினார். நடுக்கடலில் படகில் செல்வோரின் மின்னஞ்சலைக் கொண்டு சேர்க்கும் நிலையங்கள் அவை. அருகில் ஆள் வேண்டியதில்லை. படகு அழைத்தால் பதில் சொல்லும். படகுக்காரருக்கு எங்கள் பேச்சு எட்டாததால், காலி என்று எண்ணி அழைத்திருப்பார். இயந்திரமோ அக்கம்பக்கம் கேளாமலே பதில் சொல்லிவிட்டது. எங்கள் பேச்சின் அகலம் சுமார் 31 ஹெர்ட்ஸ். அத்தகைய அஞ்சல் முறைகளில் சிலவற்றின் அகலமோ 2,000 ஹெர்ட்ஸுக்கும் மேல். ஒற்றையடிப் பாதையில் லாரி!

வீட்டில் சொன்னேன். “நம்ம ஆட்டோ ஸ்டார்ட்டர் மாதிரின்னு சொல்லு” என்றார் அப்பா.

உண்மைதான். முன்பெல்லாம் இரவில் மும்முனைக் கரண்ட் வந்தால் அப்பா வரப்பில் நின்று காது கொடுப்பார். சித்தப்பா கிணற்று மோட்டார் ஓடினால், அது நிற்கும் வரை காத்திருப்பார். ஒரே டிரான்ஸ்பார்மர் அல்லவா? ஆட்டோ ஸ்டார்ட்டர் வந்தபின் எல்லா மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பின. வோல்டேஜ் இறங்கிச் சித்தப்பா மோட்டாரின் காயில் கருகிற்று.

அப்படியானால் இயந்திரம் என்றாலே கேடா? இல்லை. 14.100 மெகாஹெர்ட்ஸில் 18 தானியங்கி நிலையங்களுக்கென ஒரு உலகத் திட்டம் உண்டு. இலங்கையில் நிறுவப்பட்டதும் அவற்றுள் ஒன்று. ஆளுக்குப் பத்து விநாடி; மூன்று நிமிடத்தில் ஒரு சுற்று. அந்த முறையை வைத்தவன் மனிதன். அஞ்சல் நிலையத்துக்கும் ‘காலியா?’ என்று கேட்டறியும் ஏற்பாட்டைப் பொருத்த முடியும். படகுக்காரரின் கடிதமும் போகவேண்டியதே. அவர் வீட்டிலும் காத்திருப்பார்கள்.

நான் இப்போது உரிமத் தேர்வுக்குப் படிக்கிறேன். பேசுமுன் கேள் என்பதே முதல் பாடம். அதை வரப்பிலேயே அப்பாவிடம் கற்றுவிட்டேன். தேறியதும் அந்த இத்தாலியரைத் தேடி, என் பெயரை முழுதாகச் சொல்லவேண்டும்.