தீவு வளர்த்த பிள்ளை

ஒரு மனிதரைப் பெற்றோர் மட்டும் வளர்ப்பதில்லை. அவர் ஓடி விளையாடிய தெருவும் சேர்ந்தே வளர்க்கிறது. ஆதலால் பெருந்தலைவர்களின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம், அவர்கள் ஏறிய பதவிகளுக்கு முன்பாக அவர்கள் பிறந்த தெருவைத் தேடுவது என் வழக்கம்.

அமெரிக்கக் குடியரசுத் தலைவராக விளங்கிய பராக் ஒபாமா 1961-ஆம் ஆண்டு ஹவாய்த் தீவுகளின் தலைநகரான ஹொனலூலுவில் பிறந்தார். சீனரும் சப்பானியரும் பிலிப்பினோக்களும் தீவின் பழங்குடி மக்களும் வெள்ளையரும் கலந்து வாழும் ஊர் அது. இடையிலே சில ஆண்டுகள் ஜாவாத் தீவின் ஜகார்த்தாவில் கழிந்தன. பல முகங்களுக்கு இடையே வளர்ந்த பிள்ளை பல மக்களின் தலைவரானார் என்று உலகம் வியந்து எழுதியது. வியப்பு நியாயமே. ஆயினும் அத்தகைய தீவு ஒன்று நமக்கும் உண்டு. அதை நாம் வேறு காரணங்களுக்காகவே நினைக்கிறோம். காசிக்குப் போனவர்கள் வந்து நீராடும் இராமேசுவரமே அத்தீவு.

1914-இல் பாம்பன் இரயில் பாலம் அத்தீவை நிலத்தோடு பிணைத்தது. 1931 அக்டோபர் 15-ஆம் நாள் அங்கே மசூதித் தெருவில் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் பிறந்தார். தந்தையார் ஜைனுலாப்தீன் தொழுகை நடத்தி வைக்கும் பெரியவர், படகு உடையவர். இராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே யாத்திரிகர்களை ஏற்றிச் செல்வது அப்படகின் தொழில். சிவன் கோயிலின் தலைமை அர்ச்சகர் பட்சி லட்சுமண சாஸ்திரிகள் அவருக்கு உற்ற நண்பர். சீதாராம கல்யாண உற்சவத்தின்போது இராமர் தீர்த்தத்தின் நடுவிலுள்ள மண்டபத்துக்கு உற்சவ மூர்த்திகளைக் கொண்டு செல்லும் படகுகளை ஏற்பாடு செய்து கொடுத்தது கலாமின் குடும்பம். இரவில் தாயும் பாட்டியும் நபிகள் நாயகத்தின் வாழ்விலிருந்தும் கதை சொன்னார்கள், இராமாயணத்திலிருந்தும் சொன்னார்கள்.

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் அது பொங்கல் விழா மேடைப் பேச்சாக முடிந்துவிடும். உண்மை அவ்வளவு இனிமையானதன்று.

ஐந்தாம் வகுப்புக்குப் புதிதாக ஓர் ஆசிரியர் வந்தார். தொப்பி அணிந்த கலாமும் பூணூல் அணிந்த ராமநாத சாஸ்திரியும் முதல் வரிசையில் அருகருகே அமர்ந்திருந்தனர். ராமநாதன் அர்ச்சகரின் மகன். முஸ்லிம் சிறுவன் அவன் பக்கத்தில் அமர்வதைப் பொறாத ஆசிரியர், கலாமை எழுப்பிக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். கலாம் வருந்தினார், ராமநாதனோ அழுதே விட்டான். வீட்டுக்குச் சென்று இருவரும் நடந்ததைச் சொன்னார்கள். லட்சுமண சாஸ்திரிகள் அந்த ஆசிரியரை அழைத்து வரச் செய்தார். பிள்ளைகள் இருவரும் பார்த்திருக்க, ஒன்று மன்னிப்புக் கேளும், இல்லையேல் பள்ளியை விட்டும் தீவை விட்டும் போய்விடும் என்று கண்டித்தார். ஆசிரியர் வருந்தினார், திருந்தவும் செய்தார்.

மற்றொன்று, அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் வீட்டில் நடந்தது. அவர் மாணவனை உணவுக்கு அழைத்தார். ஆசாரம் மிக்க மனைவியார் தம் சமையலறையில் ஒரு முஸ்லிம் பிள்ளைக்குப் பரிமாற மறுத்தார். ஐயர் சினம் கொள்ளவில்லை. தாமே தம் கையால் பரிமாறினார். பக்கத்தில் அமர்ந்து தாமும் உண்டார். விடைபெறும்போது அடுத்த வாரமும் வருமாறு அழைத்தார். அடுத்த வாரம் அந்த அம்மையாரே பிள்ளையை உள்ளே அழைத்துத் தம் கையால் பரிமாறினார்.

இராமேசுவரத்தில் வேற்றுமையே இருந்ததில்லை என்று சொல்வோர் இவ்விரு நிகழ்ச்சிகளையும் உற்றுநோக்க வேண்டும். கடைசி வரிசையும் அங்கே இருந்தது; மூடிய சமையலறையும் இருந்தது. பல மதத்தார் பக்கத்தில் பக்கத்தில் குடியிருந்தமையால் மட்டும் அந்தப் பிள்ளை கலாம் ஆகவில்லை. பிள்ளைக்கு ஓர் இழிவு நேர்ந்தபோது, இழிவு செய்தவரின் பக்கத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவரே எழுந்து நின்றார். அந்த வயதில் அதைக் கண்ணால் கண்ட பிள்ளை அதை மறப்பதில்லை.

கலாம் கட்சி அரசியல் செய்தவர் அல்லர். 2002 ஜூலை 25-இல் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றார். மறு மாதமே, கலவரத்தால் எரிந்து தணிந்திருந்த குஜராத்துக்குச் சென்று துயருற்றோரைக் கண்டார். இந்த வேளையில் அங்கே செல்வது இன்றியமையாததா என்று பிரதமர் வாஜ்பாய் கேட்டதையும், அது தம் கடமை என்று தாம் கருதியதையும் அவரே எழுதியிருக்கிறார். இளமை எல்லாத் தவறுகளிலிருந்தும் ஒருவரைக் காத்துவிடாது என்பதும் உண்மையே. 2005-இல் மாஸ்கோவில் இருந்தபடி அவர் ஒப்பமிட்ட பீகார் சட்டமன்றக் கலைப்பு, அரசியலமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் அந்தக் குஜராத் பயணத்தை நினைக்கும்போது, கடைசி வரிசையில் அமர்த்தப்பட்ட சிறுவனே எனக்குத் தோன்றுகிறான்.

கடலைத் தாண்டி இந்தச் செய்தியை மல்லேசுவரத்துக்கு நான் கொண்டு வருவதற்குக் காரணம் உண்டு. இங்கு வேலை பார்த்த நாளில் கலாம் உருவாக்கிய மிதவை ஊர்திக்கு ‘நந்தி’ என்று பெயர். அதனினும் அணுக்கமான காரணம் எங்கள் தெரு. 1898-ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க்குப் பின் விரிந்த பேட்டை இது. இங்குள்ள காடு மல்லேசுவரர் கோயில், பின்னாளில் தஞ்சையை ஆண்ட மராத்தியர் வெங்கோஜியின் கொடையைப் பெற்றது. கன்னடரும் தமிழரும் தெலுங்கரும் மராத்தியரும் ஒரே சம்பிகே வீதியில் பூ வாங்குகிறோம். இதுவும் ஒரு தீவுதான். சுற்றிலும் கடல் இல்லை, அவ்வளவே.

காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளிவந்த 1991 டிசம்பரில், நகரில் தமிழர்மீது வன்முறை மூண்டது. எனக்கு அப்போது பத்து வயது. எதிர் வீட்டுக் கன்னட அம்மையார் எங்களைத் தம் வீட்டின் உள்ளறையில் இரண்டு இரவுகள் வைத்துக்கொண்டார். வாசற்படியில் நாற்காலியைப் போட்டுத் தாமே அமர்ந்திருந்தார். கேட்டவர்களுக்கு என்ன மறுமொழி சொன்னாரோ, நான் அறியேன். அந்த நாற்காலியின் முதுகுப்புறம் மட்டும் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. 2016 செப்டம்பரில் மீண்டும் காவிரி, மீண்டும் தீ. தமிழகப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் எரிந்த மறு வாரம், ஆறு வயது மகளை வெளியே அழைத்துச் சென்றேன். அவள் “அப்பா, அங்க பாரு” என்று உரக்கக் கூவினாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். தெருவில் தமிழ் பேசாதே என்று அதட்டினேன். எதிர் வீட்டு அஜ்ஜி அதனைக் கண்டார். தடியை ஊன்றியபடியே என்னிடம் வந்து, “மகுவிகே பயா கலிஸ்பேடப்பா” என்றார். குழந்தைக்கு அச்சத்தைக் கற்றுக்கொடுக்காதே அப்பா என்பது அதன் பொருள். எனக்கு மறுமொழி எழவில்லை. எனக்காக ஒரு காலத்தில் வாசலில் அமர்ந்தவர், என் மகளுக்காக இப்போது என் எதிரில் நின்றார். அவளைக் கடைசி வரிசைக்கு அனுப்பிய ஆசிரியர் அன்று வேறு யாருமல்லர், நானே.

அஜ்ஜி இன்று இல்லை. மகள் இப்போது என்னிடம் தமிழிலும் தெருவில் கன்னடத்திலும் தயக்கமின்றிப் பேசுகிறாள். அது என்னால் வந்ததன்று.

நம் சங்கத்துக் குடும்பங்களில் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பது பற்றி நிறையப் பேசுகிறோம். பேசவேண்டியதே. அதனோடு இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கலாம். பள்ளியிலே நம் பிள்ளையை ஒருவர் ஒதுக்கினால் நமக்கு நெஞ்சு கொதிக்கிறது. நம் வீட்டுக் கொண்டாட்டத்தில், பீகாரிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளியின் பேச்சை நம் பிள்ளையே நையாண்டி செய்தால் நாமும் சிரித்து விடுகிறோம். அந்த நேரத்தில் எழவேண்டிய லட்சுமண சாஸ்திரி வேறு எங்கிருந்து வருவார்? நம் பக்கத்தில் நிகழும் பிழைக்கு நாமே எழவேண்டும். அதுவும் பிள்ளையின் கண்முன், அன்று மாலையே.

2015 ஜூலை 27-இல் ஷில்லாங்கில் மாணவரிடையே உரையாற்றுகையில் கலாம் மறைந்தார். அவர் உடல் பிறந்த தீவுக்கே திரும்பி, பேய்க்கரும்பில் அடக்கமாயிற்று. தீவு தன் பிள்ளையைத் திரும்பப் பெற்றது. நம் தெரு யாரை வளர்த்துக்கொண்டிருக்கிறது என்பது நமக்கு இன்று தெரியாது. எந்த வரிசையில் அவர்களை அமர்த்துகிறோம் என்பது தெரியும்.