அலரியில் கண்ட பச்சை அந்துப்பூச்சி

டுபாய், சார்ஜா என்றதும் எங்களவருக்கு நினைவில் வருவது உயர்ந்த கட்டிடங்களும் மணலும்தான். ஆனால் அந்த நாட்டின் கிழக்குப் பக்கத்தில் ஹஜர் மலைத்தொடர் ஓமான்வரை நீண்டு கிடக்கிறது. மழை பெய்தால் வெள்ளம் பாயும் கல்லாறுகளை அங்கே ‘வாடி’ என்பார்கள். எங்கள் கரையோர மீன்வாடி வேறு, இது வேறு. அந்த வாடிகளில் அலரி தானாகவே முளைத்து, ரோசா நிறத்தில் பூத்து நிற்கும். அதன் நஞ்சுக்குப் பயந்து ஆடுகளும் வாய் வைப்பதில்லை.

இங்கு வருமுன் நான் சார்ஜாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தேன். 2019 பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை, அறை நண்பர்கள் நாலு பேர் வாகனம் பிடித்து ஃபுஜைரா பக்கம் போனோம். மசாஃபிக்குக் கிட்ட றோட்டோரச் சந்தையில் பழம் வாங்கிக்கொண்டு ஒரு வாடிக்குள் இறங்கினோம்.

அலரி நிழலில் இருக்கப்போன வன்னித் தம்பி சட்டென்று பின்வாங்கினான். “அண்ணை, ஆமிக்காரன்ரை உடுப்புத் துண்டு கிடக்குது” என்றான். கிட்டப் போய்ப் பார்த்தேன். அது துணியல்ல, உள்ளங்கை அகலத்தில் ஒரு அந்துப்பூச்சி. கரும்பச்சை, இளம்பச்சை, வெள்ளை, நடுவே மெல்லிய ரோசாக் கோடு. இலையோடு இலையாக ஒட்டிக் கிடந்தது.

பகலில் அது அசையாது. வெளிச்சம் அடிக்காமல் கைத்தொலைபேசியில் எட்டுப் படம் எடுத்தேன். தொடவில்லை, தொட்டால் செட்டையின் தூள் உதிர்ந்துவிடும். படத்தைப் பெரிதாக்கித் தம்பிக்குக் காட்டினேன். கனநேரம் பார்த்தான். “இது ஒளிக்கிறதுக்குப் போட்ட நிறம், அண்ணை” என்றான். பிறகு அவனே அதற்குக் கிட்டப் போய் இருந்தான்.

பின்னர் தேடிப் படித்தேன். இதன் விஞ்ஞானப் பெயர் டாப்னிஸ் நேரியை. 1758இல் லின்னேயஸ் பெயரிட்டார். இரு செட்டையையும் விரித்தால் 10 சென்ரிமீற்றர் அளவு வரும். இதன் புழு மற்றவை தின்னாத அலரி இலையைத் தின்றே வளர்கிறது. அந்த நஞ்சு அதை ஒன்றும் செய்வதில்லை. எங்கள் முற்றத்து நந்தியாவட்டையையும் நித்தியகல்யாணியையும் அது தின்னும். பச்சைப் புழுவின் முன்பக்கத்தில் இரண்டு நீலக் கண்கள்போல் புள்ளிகள் இருக்கும். அவை உண்மையான கண்களல்ல, குருவிகளை வெருட்டுவதற்கு. வளர்ந்த பூச்சி மைம்மலில் மல்லிகை போன்ற பூக்களின் முன்னால் பறந்தபடியே நின்று தேன் குடிக்கும்.

ஆபிரிக்காவிலும் தென்னாசியாவிலும் வாழும் இப்பூச்சி கோடையில் வடக்கே பறந்து யேர்மனி, இங்கிலாந்து வரையும் சில வேளை வந்துவிடுகிறது. அங்கத்தைய பனிக்காலத்தை மட்டும் அதனால் தாங்க முடியாது.

ஐரோப்பாவில் இருப்பவர்கள் மாடியில் அலரிச் சாடி வைத்திருந்தால், கோடை முடிவில் பிள்ளைகளுடன் சேர்ந்து இலைகளைப் பாருங்கள். புழு இருந்தால் மருந்து அடிக்க வேண்டாம். அலரி நஞ்சென்பதால் சின்னப் பிள்ளைகளை இலை பிடுங்க விடாதீர்கள். தொட்டால் கை கழுவச் சொல்லுங்கள். ஊரில் நந்தியாவட்டை நின்ற இடத்தையும் அப்படியே சொல்லிக்கொடுங்கள்.