மூணு வாலும், பனி புடிச்ச கண்ணாடியும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தின்னு சொல்லிட்டு எஸ்கேப் ஆகலாம்னு பார்த்தேன். ஆனா அது பொய். ஆணி எப்பவும் போலத்தான் இருக்கு. நிஜக் காரணம் ஒரு ஏரோப்ளேன். 12.7 சென்டிமீட்டர் நீளம், உள்ளங்கையில அடங்கற சைஸ்.

மேட்டருக்கு வருவோம். எனக்கு ஒரு வியாதி உண்டு. எதையாவது ஆர்வமா ஆரம்பிப்பேன். ரெண்டு மாசம் தலைகீழா நிப்பேன். அப்புறம் அதே விஷயத்துல யாராவது ஒரு ஆளு பிரமாதமா பண்ணி வெச்சிருக்கறதைப் பார்ப்பேன். அன்னையோட கடையை மூடிடுவேன். எட்டாங்கிளாஸ்ல வயலின் போனது பெரியம்மா பையன் வாசிச்சதைக் கேட்டு. காலேஜ்ல பென்சில் டிராயிங் போனது ஹாஸ்டல் ரூம்மேட் வரைஞ்சதைப் பார்த்து. வேலைக்குச் சேர்ந்தப்புறம் செஸ், கீபோர்டு, போட்டோகிராஃபின்னு லிஸ்டு நீளும். "நமக்கு இது வராது"ன்னு ஒரு வரி போதும், எல்லாத்தையும் மூட்டை கட்டி பரண்ல போட்டுடலாம். இருபத்தெட்டு வயசுல என் பரண்ல இருக்கற சாமானை எல்லாம் வித்தா ஒரு செகண்டு ஹேண்டு ஸ்கூட்டர் வாங்கலாம் :-)

போன வருஷம் அந்தப் பரணுக்குப் போக வேண்டிய அடுத்த ஐட்டத்தை வாங்கினேன். ஏர்ஃபிக்ஸ் கம்பெனியோட ஸ்பிட்ஃபயர் கிட், 1/72 அளவு. ரெண்டாம் உலகப்போர்ல பறந்த பிரிட்டிஷ் சண்டை விமானம். சட்டத்துல ஒட்டிக்கிட்டு வர்ற பிளாஸ்டிக் துண்டுகளை வெட்டி எடுத்து, ராவி, ஒட்டி, பெயிண்ட் அடிச்சு, கடைசியா தண்ணியில ஊறவெச்ச டீக்கால் ஒட்டணும். பெட்டி மேல இருக்கற படத்தைப் பார்த்தா வானத்துல குண்டு பறக்குது, புகை பறக்குது. உள்ள திறந்தா சாம்பல் கலர்ல மீன் முள்ளு மாதிரி கொஞ்சம் பிளாஸ்டிக்.

1/72ன்னா என்னன்னு ஒரு சின்னக் கணக்கு. ஆறடி மனுஷன் ஒரே இஞ்சு ஆயிடுவான். சுலபமா இருக்குல்ல? இப்ப அதைத் திருப்பிப் போடுங்க. உடம்போட ரெண்டு பாதியை ஒட்டின இடத்துல நான் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுட்டேன். நிஜ விமானத்துல அது 2 சென்டிமீட்டர் ஓட்டை. பைலட் விரலை விட்டு வெளிய காத்து வாங்கலாம். பெயிண்ட் 0.1 மில்லிமீட்டர் தடிமன் ஆயிடுச்சுன்னா, நிஜத்துல 7 மில்லிமீட்டருக்கு மேல. சுவத்துக்குப் பூசற பூச்சு மாதிரி.

நான் பண்ணின தப்பையெல்லாம் வரிசையா சொல்றேன், யாருக்காவது உபயோகப்படும். இறக்கை மேல என் பெருவிரல் ரேகை. போலீஸ் வந்தா சாட்சியே வேண்டாம். டீக்காலை மொறமொறப்பா இருந்த மேட் பெயிண்ட் மேலயே ஒட்டினதுல, அடியில காத்து மாட்டி வெள்ளி மாதிரி பளபளன்னு ஆயிடுச்சு. முதல்ல பளபளப்பான வார்னிஷ் ஒரு கோட்டு அடிச்சிருக்கணுமாம். எல்லாத்துக்கும் மேல, பைலட் கண்ணாடியை சூப்பர் க்ளூ வெச்சு ஒட்டினேன். அந்தப் பசை காயும்போது வர்ற ஆவி கண்ணாடி மேல படிஞ்சு வெள்ளையாக்கிடும்னு எனக்குத் தெரியாது. காலைல எழுந்து பார்த்தா ஊட்டியில டிசம்பர் மாசம் நிறுத்தி வெச்ச கார் மாதிரி பனி புடிச்சு நிக்குது. உள்ள உட்கார்ந்திருக்கற பைலட் பாவம், இந்தப் பக்கமும் தெரியாது, அந்தப் பக்கமும் தெரியாது.

சரி, மத்தவங்க எப்படிப் பண்ணியிருக்காங்கன்னு பார்ப்போமேன்னு அன்னைக்கு ராத்திரி தேடினேன். அங்கதான் வினை. அதே கிட், அதே 1/72. ஆனா சீட் பெல்ட்டுக்கு ஈயத் தகடை மயிர் மாதிரி வெட்டி வெச்சிருக்காரு ஒருத்தர். புகைக்குழாய்க்குப் பின்னாடி கரி படிஞ்சு, இறக்கையில பைலட் ஏறி இறங்கற இடத்துல மட்டும் பெயிண்ட் தேய்ஞ்சு போயிருக்கு. போட்டோவை மட்டும் காட்டினா நிஜ விமானம்னே சொல்லுவீங்க.

அதோட நிறுத்தியிருக்கலாம். இன்னும் கொஞ்சம் தோண்டினதுல லூகா இயாக்கோனி-ஸ்டூவர்ட்னு ஒரு அமெரிக்கப் பையனோட வேலை கண்ணுல பட்டுச்சு. 2014-ல உலகம் பூரா பேசின விஷயம், நான்தான் லேட்டு. 2008-ல ஆரம்பிச்சு ஒரு போயிங் 777-300இஆர் கட்டியிருக்காரு. 1/60 அளவு, மூக்கிலிருந்து வால் வரைக்கும் கிட்டத்தட்ட 1.2 மீட்டர். எதுல? ஆபீஸ்ல காகிதம் போட்டு வைப்போமே, அந்தப் பழுப்பு அட்டை ஃபைல். அதை வெட்டி ஒட்டி! கதவு திறக்குது, சக்கரம் மடங்கி உள்ள போகுது. அதுவும் யாரோட விமானம்ங்கறீங்க? நம்ம ஏர் இந்தியா. அவருக்குக் கிடைச்ச விவரமான வரைபடம் ஏர் இந்தியா விமானத்தோடதாம். எகானமி சீட் ஒண்ணுக்கு 20 நிமிஷம், பிசினஸ் கிளாஸ் சீட்டுக்கு 4லிருந்து 6 மணி நேரம், ஃபர்ஸ்ட் கிளாஸ் சீட்டுக்கு 8 மணி நேரம். எகானமி 300 சீட்டுன்னு வெச்சாலே 100 மணி நேரம் ஆச்சு. இதுக்காகக் காலேஜையே பாதியில விட்டிருக்காரு.

நான் நிமிர்ந்து என்னோட பனி புடிச்ச ஸ்பிட்ஃபயரைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்த மாதிரி இருந்துச்சு. பெட்டியில போட்டேன். பரண். சுபம்.

கதை இங்க முடிஞ்சிருந்தா இந்தப் பதிவே வந்திருக்காது. பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப, அந்தப் பேப்பர் விமானத்தோட படங்களை அப்பாகிட்டக் காட்டினேன். "பாருங்கப்பா, மனுஷன் என்னமா பண்ணியிருக்கான். நம்மளால முடியுங்களா இதெல்லாம்?" அப்படின்னு.

இங்க ஒரு சின்னக் கொசுவத்தி. அப்பா கோயமுத்தூர்ல ஒரு ஃபவுண்டரியில பேட்டர்ன் வேலை பார்த்தவரு. பம்ப்செட் பாகங்களை வார்க்கறதுக்கு முன்னாடி, அதே வடிவத்துல மரத்துல ஒண்ணு செய்யணும். அதை மண்ணுல பதிச்சு எடுத்தா வர்ற குழியிலதான் உருக்கின இரும்பை ஊத்துவாங்க. இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால மரத்தைக் கொஞ்சம் பெருசா செய்யணும், வார்ப்பிரும்புக்கு 100-க்கு 1 கணக்குல. அதுக்குன்னே கோடுகளைத் தள்ளித் தள்ளிப் போட்ட ஸ்கேல் தனியா உண்டு. சின்ன வயசுல அந்த ஸ்கேலை ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போய் கணக்கு வாத்தியார்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது தனிக் கதை. 1/72ன்னா என்னன்னு சொன்னதும் அப்பா சிரிச்சுட்டு, "நாங்க 100-ஐ 101 ஆக்குவோம், இவனுக 72-ஐ 1 ஆக்கறானுகளா"ன்னாரு. அவருக்கு விளக்கமே தேவைப்படலை.

படங்களைக் கண்ணாடி போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாரு. "சூப்பர்"னு சொல்லுவாருன்னு எதிர்பார்த்தேன். அவரு கேட்டது இதுதான்:

"ஏங் கண்ணு, இத்தினூண்டு துண்டை ஒட்டறப்ப எதுல புடிச்சிருப்பான்?"

எனக்கு ஒண்ணும் புரியலை. "பசை காயற வரைக்கும் கைல புடிச்சிட்டு உக்கார முடியாதுல்ல. எதாச்சும் தாங்கு குடுத்திருக்கோணும். இந்த வளைவு ரெண்டு பக்கமும் ஒண்ணாட்டமே இருக்குதே, அச்சு ஒண்ணு வெச்சிருப்பான். முதத் தடவையே இப்புடி வந்திருக்காது. கெட்டுப்போனதை எங்க போட்டிருக்கான்னு பாரு."

கெட்டுப்போனதை எங்க போட்டிருக்கான்! போன தடவை நான் கவனிக்காம விட்டது அதைத்தான். திரும்பப் போய்ப் படிச்சேன். லூகா அந்த விமானத்துக்கு மூணு தடவை வால் கட்டியிருக்காரு. இறக்கை ரெண்டு முழு செட்டு. சரியா வரலைன்னு தூக்கிப் போட்டுட்டுத் திரும்ப ஆரம்பிச்சிருக்காரு. நான் பார்த்து மிரண்டது மூணாவது வாலை. அதை என்னோட முதல் ஸ்பிட்ஃபயரோட பக்கத்துல வெச்சு அழுதிருக்கேன்.

நம்ம பாஷையில சொன்னா, முடிஞ்சு போன மாடல்ங்கறது ஹிஸ்டரி இல்லாத கோடு மாதிரி. டீம்ல ஒரு சீனியர் எழுதின மாட்யூலைத் திறந்து பார்க்கறோம். எவ்வளவு அழகா இருக்கு, நமக்கு இப்படி வருமாங்கறோம். பழைய கமிட்டுகளைத் திறந்தாத்தான் தெரியும், அந்த ஃபங்ஷனை மனுஷன் ஏழு தடவை அழிச்சு எழுதியிருக்கறது.

அப்பா அன்னைக்குச் சொன்ன இன்னொரு விஷயம் நான் அதுவரைக்கும் கேட்டதே இல்லை. பட்டறையில சேர்ந்தப்ப அவருக்கு 17 வயசு. அங்க ஒரு பெரிய மேஸ்திரி இம்பெல்லருக்குப் பேட்டர்ன் செய்வாராம். இதழ் இதழா சுழிஞ்சு போற வேலை. ஒரு வாரம் அதைப் பார்த்துட்டு, இந்த வேலை நமக்கு ஆகாது, ஊருக்கே போய் ஆடு மேய்க்கலாம்னு முடிவே பண்ணிட்டாராம்.

"அப்புறம் எப்படிங்கப்பா இருந்தீங்க?"

"பின்னாடி விறகுக்குப் போட்டிருந்த குப்பையில அவரு கழிச்சுப்போட்ட பேட்டர்ன் ஒண்ணு கெடந்துச்சு. ஊட்டுக்கு எடுத்துட்டு வந்து உடைச்சுப் பாத்தேன். ஒரே கட்டையில குடைஞ்சிருப்பாருன்னு நெனச்சுட்டிருந்தேன். பாத்தா துண்டு துண்டா ஒட்டி, பொறவு செதுக்கியிருக்காரு. அட, இவ்வளவுதானான்னு இருந்துச்சு." கொஞ்ச நேரம் கழிச்சு, "இவ்வளவுதானான்னு தெரிஞ்சும் வரதுக்கு நாலு வருசம் ஆச்சு, அது வேற"ன்னாரு.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. 17 வயசுல அப்பா அந்தக் குப்பையைக் கிளறாம ஊருக்குப் போயிருந்தா, என்னோட இன்ஜினியரிங் ஃபீஸை யார் கட்டியிருப்பாங்க? நான் இதுவரைக்கும் விட்ட அத்தனைலயும் ஒரு குப்பைமேடு இருந்திருக்கும்ல. எட்டிக்கூடப் பார்த்ததில்லையே.

இந்த மாடல் உலகத்தோட பெரிய தலைகளும் இப்படித்தான்னு அப்புறம் தெரிஞ்சது. ஜப்பான்ல ஷிஸுவோக்கா ஊர்ல இருக்கற தமியா கம்பெனி 1946-ல மரக் கம்பெனியா ஆரம்பிச்சது. அதைப் பிளாஸ்டிக் மாடல்ல உலகப் பேரெடுக்க வெச்சவர் ஷுன்சாக்கு தமியா. 1970கள்ல போர்ஷே மாடல் பண்றதுக்காக நிஜ போர்ஷே 911 காரையே வாங்கிப் பிரிச்சு மேஞ்சிருக்காரு. பிரிச்சது சரி, திரும்பப் பூட்ட முடியலை. போர்ஷே மெக்கானிக்குகளைக் கூப்பிட வேண்டியதாப் போச்சு. அப்பா உடைச்ச பேட்டர்ன் மாதிரியேதான், என்ன, விலைதான் கொஞ்சம் ஜாஸ்தி :-)

அமெரிக்காவுல ஷெப் பெய்ன்னு ஒருத்தர் இருந்தார், 2015-ல காலமானார். விமானத்தையோ டாங்கியையோ சும்மா நிறுத்தாம, மண்ணு, மனுஷங்க, உடைஞ்ச சுவருன்னு ஒரு காட்சியாவே அமைக்கறதுல கில்லாடி. 1970கள்ல மோனோகிராம் கம்பெனி அவரைக் கூப்பிட்டு அவங்க கிட்டுகளை வெச்சுக் காட்சி அமைக்கச் சொன்னது. அதோட படத்தையும், எப்படிப் பண்ணினார்ங்கற குறிப்பையும் ஒரு தாளா அச்சடிச்சுக் கிட் பெட்டிக்குள்ளயே போட்டாங்க. நல்லா யோசிச்சுப் பாருங்க. காசு கொடுத்து பெட்டி வாங்கற சின்னப் பையன், திறந்ததும் முதல்ல பார்க்கறது தன்னால இப்போதைக்குச் செய்யவே முடியாத ஒண்ணை. அவனை மிரட்டறதுக்கா போட்டாங்க? பக்கத்துலயே வழியும் எழுதியிருக்கே. அந்தத் தாளைப் பார்த்துத்தான் காட்சி அமைக்கவே ஆரம்பிச்சோம்னு சொல்றவங்க நிறைய. நானா இருந்தா படத்தை மட்டும் பார்த்துட்டுப் பெட்டியை மூடியிருப்பேன்.

ஊர்லேருந்து திரும்பி வந்து பரண்லேருந்து பெட்டியை இறக்கினேன். பழசைச் சரி பண்ணலை, அது என்னோட முதல் வால், அப்படியே இருக்கட்டும். அதே கிட்டை இன்னொண்ணு வாங்கினேன். இந்தத் தடவை அந்த ஈய பெல்ட்காரரோட படங்களைப் பக்கத்துல திறந்து வெச்சுக்கிட்டேன், மிரள்றதுக்கு இல்ல. எதுல புடிச்சிருப்பாரு? முதல்ல எதை ஒட்டியிருப்பாரு? இந்த இடத்துல ஏன் பெயிண்ட் தேய்ஞ்சிருக்கு? அவரோட மொத்த வேலையையும் என்னால பண்ண முடியாது. ஆனா அதுல ஒரே ஒரு விஷயத்தைத் திருடலாம். இந்த மாடலுக்கு ஒண்ணு, அடுத்ததுக்கு இன்னொண்ணு.

நான் திருடினது கண்ணாடி. சூப்பர் க்ளூவை ஓரங்கட்டிட்டு, வெள்ளைப் பசையால ஒட்டறாங்க அவங்க. நம்ம ஊர் ஃபெவிகாலும் அதே ஜாதிதான். காயறதுக்கு நேரமாகும், ஆனா காஞ்சா நிறமே தெரியாது, பனியும் புடிக்காது. அப்பாகிட்ட ஃபோன்ல சொன்னேன். அடுத்த வாரம் ஊர்லேருந்து வந்த சித்தப்பா கைல ஒரு பார்சல் வந்துச்சு. தேக்குல ஒரு தாங்கு. இறக்கைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ரெண்டு பள்ளம், விமானம் ஆடாம உக்காரும். அளவு நான் ஃபோன்ல சொன்னதுதான். கச்சிதமா உக்காந்துச்சு. ஸ்கேல் எதுன்னு நான் கேக்கலை :-)

ரெண்டாவது ஸ்பிட்ஃபயர் இப்ப என் மேஜை மேல நிக்குது. உடம்புல ஒட்டின கோடு இன்னும் தெரியுது. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சதுல பக்கத்துல இருந்த வரிகளும் சேர்ந்து தேய்ஞ்சு போச்சு. டீக்கால் ஒண்ணு கோணல். ஆனா கண்ணாடி பளிங்கு மாதிரி இருக்கு. உள்ள பைலட் நல்லாத் தெரியறான். அவனுக்கும் வெளிய நல்லாத் தெரியும்னு நம்பறேன்.

பரண்ல அந்த வயலின் இன்னும் இருக்கு. தூசு தட்டலாமான்னு ஒரு யோசனை. பக்கத்து வீட்டுக்காரங்க மன்னிக்கணும்.

டிஸ்கி: முதல் ஸ்பிட்ஃபயரைத் தூக்கிப் போடலை. ரெண்டாவதுக்குப் பக்கத்துலயே பனி புடிச்ச கண்ணாடியோட நிக்குது. வீட்டுக்கு வர்றவங்க ரெண்டையும் பார்த்துட்டு "இது யார் செஞ்சது"ன்னு பழசைக் காட்டிக் கேக்கறாங்க. ரெண்டும் நான்தான்னு சொல்றதுல இப்ப வெக்கம் இல்லை.